இளமை என்னும் நகை: தோற்றுப்போன ஒரு பள்ளிக் குழுவின் கதை



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்கப் பாடல்களையோ, காப்பியங்களில் ஒன்றையோ, பக்தி இயக்கத்தின் ஒரு காலகட்டத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தின்பால் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் இவ்வாண்டு நான் தேர்ந்துகொண்ட விஷயம், பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் தாமே கூடி அமைத்த ஒரு விளையாட்டுக் குழுவைப் பற்றித் தொலைக்காட்சியில் சில வாரங்களே ஓடி முடிந்த ஒரு நகைச்சுவைக் கதையாகும். இலக்கியத்துக்கென அமைந்த மேடையில் இதற்கு இடம் உண்டா என்று எவரேனும் ஐயுறக்கூடும். அந்த ஐயத்துக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை; இந்த நாகர்கோவிலிலிருந்து மேற்கே விளவங்கோட்டுப் பகுதியில் உள்ள அதங்கோடு வரை சென்றால் போதும்.

தொல்காப்பியம் அதங்கோட்டாசானின் முன்னிலையில் அரங்கேறியது என்பது அந்நூற் பாயிரம் தரும் செய்தி. அந்த ஆசான் நம் அதங்கோட்டைச் சேர்ந்தவரே என்பது இம்மாவட்டத்தார் உரிமையோடு போற்றிவரும் நம்பிக்கை. அந்நூலின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தப் புகும்போது, அழுகைக்கும் அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும் முன்பாக நகையையே முதலில் நிறுத்துகிறது. அந்நகை பிறக்கும் நிலைக்களன்களாக இளமை, பேதைமை, மடமை, எள்ளல் என்னும் நான்கினைச் சுட்டுகிறது. உரையாசிரியராகிய பேராசிரியர் இவை ஒவ்வொன்றையும் தன்பால் தோன்றுவது, பிறர்பால் தோன்றுவது என இருகூறாக்கி எட்டாக விரிப்பர். எள்ளி நகையாடுவதை உலகமெங்கும் அறிவர். ஆனால் இளமையைத் தனியொரு நிலைக்களனாக வகுத்து, குழந்தைப் பருவம் என்ற ஒரே காரணத்தாலேயே ஒரு செயல் நகைக்கு உரியதாகலாம் என்றும், அந்நகையில் இகழ்ச்சிக்கு இடமில்லை என்றும் உணர்ந்த நுட்பம் நம் முன்னோருக்கு வாய்த்தது. பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டைக் கதையாக்குகிறவர், எள்ளலைக் கொள்வதா இளமையைக் கொள்வதா என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தில்தான் அக்கதையின் உயர்வும் தாழ்வும் அடங்கியுள்ளன என்பது என் துணிபு. இன்று நான் சொல்லப்போகும் யாவும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமையும்.

மேலைநாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், பள்ளி விளையாட்டுக் குழுவை மையமாகக் கொண்ட தொலைக்காட்சிக் கதைகள் பல தோன்றி, பெரும்பாலும் அற்பாயுளில் மறைந்திருக்கின்றன. ஆடத் தெரியாத சிறுவர்களின் பேஸ்பால் குழுவைப் பற்றிய ‘தி பேட் நியூஸ் பேர்ஸ்’ என்ற திரைப்படம் 1976-ல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதையே தொடராக்கி 1979-ல் ஒளிபரப்பத் தொடங்கிய சி.பி.எஸ். நிறுவனம் மறு ஆண்டே அதனை முடித்துக்கொண்டது. அண்மைக் காலத்தில், 2020 ஆகஸ்டில், கென்டக்கி மாநிலத்து உயர்நிலைப் பள்ளியொன்றின் கூடைப்பந்துக் குழுவையும் அதன் பயிற்சியாளரையும் பற்றி ‘ஹூப்ஸ்’ என்ற சித்திரத் தொடரை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. பத்துப் பகுதிகள் வந்தன. அவ்வாண்டு டிசம்பருக்குள்ளேயே அது கைவிடப்பட்டது. அத்தொடரின் பயிற்சியாளர் எந்நேரமும் வசை பொழிகிறார். தாம் உயர்ந்த பதவிக்குச் செல்ல ஒரு படிக்கட்டாகவே பிள்ளைகளைக் காண்கிறார். எழுதியவர்கள் எள்ளலைத் தேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகளை ஏசுவதையே ஹாஸ்யம் என்று கொண்ட ஒரு கதை விரைவில் மறக்கப்பட்டது பற்றி நான் வருந்தவில்லை.

இவற்றினின்றும் வேறுபட்டது, 1978 முதல் 1981 வரை ஒளிபரப்பான ‘தி ஒயிட் ஷேடோ’. லாஸ் ஏஞ்செலிஸ் நகரத்துப் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவைப் பற்றிய அக்கதை, சிரிப்பும் துயரமும் கலந்த ஒருமணி நேர நாடகம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் என்றைக்கும் பள்ளியிலேயே இருக்கமாட்டார்கள் என்ற உண்மைக்குக் கட்டுப்பட்டு, அதன் கர்த்தாக்கள் இரண்டாம் ஆண்டின் முடிவில் தம் முக்கியமான பாத்திரங்கள் பலரையும் தேர்ச்சிபெறச் செய்து வெளியேற்றிவிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் புதுமுகங்களை ஏற்கப் பார்வையாளர்களுக்கு மனம் வரவில்லை, தொடர் நின்றுபோயிற்று. வர்த்தகக் கணக்கில் அது பெருந்தவறு என்பர். ஆனால் அத்தொடர் கடல் கடந்து துருக்கிக்குச் சென்றபோது அந்நாட்டுச் சிறுவர்கள் தெருவெங்கும் கூடைப்பந்து ஆடத் தலைப்பட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. உண்மைக்கு விசுவாசமாக இருந்து அற்பாயுளில் முடிந்த கதைக்கு இவ்வாறு வேறொரு மண்ணில் நீண்ட ஆயுள் கிடைத்திருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எண்பதுகளின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் ‘மால்குடி டேஸ்’ என்ற தொடர் வந்ததை இந்த அவையில் உள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் இந்நகரத்து வீட்டுக் கூரைகளின்மீது உயர்ந்து நின்ற ஆண்டெனாக்கள் பலவும் திருவனந்தபுரத்தை நோக்கியே திரும்பியிருந்தன. காற்றும் மழையும் இரங்கிய நாட்களில் மாத்திரமே படம் தெளிவாகத் தெரியும். ஆர்.கே. நாராயணின் கதைகளைக் கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் தொடராக்கினார்; மேற்குத்தொடர்ச்சி மலைச் சாரலில், இடைவிடாத மழைக்குப் பேர்பெற்ற ஆகும்பேயில் படப்பிடிப்பு நடந்தது. அங்கே கண்ட ஓட்டுவீடுகளும், நடுமுற்றங்களும், ஈரம் உலராத திண்ணைகளும், பின்னணியில் மேகம் கவிந்த மலையும், பத்மநாபபுரத்தையும் பூதப்பாண்டியையும் அறிந்த நம்மவர்க்கு அந்நியமாகத் தோன்றவில்லை. எழுத்தாளரின் இளவலாகிய ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் முகப்பை அலங்கரித்தன. இசையமைத்தவர் எல். வைத்தியநாதன்; ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதியின் பாடல்களுக்கு இசையமைத்தவரும், வசனமே இல்லாத ‘பேசும் படம்’ என்ற சித்திரத்துக்கு இசையால் பேச்சளித்தவரும் அவரே. அவருடைய முகப்பிசையை ஒருமுறை கேட்டவர்கள் அதனை எளிதில் மறப்பதில்லை.

அத்தொடரின் ஒரு பகுதியாக, சில வாரங்கள் மட்டும், ‘ஸ்வாமியும் சிநேகிதர்களும்’ என்ற கதை இடம்பெற்றது. மூலநாவல் 1935-ல், கிரஹாம் கிரீனின் சிபாரிசின்பேரில், லண்டனில் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்து, பின்னர் மைசூரில் தலைமையாசிரியராயிருந்த தந்தையிடம் சென்று சேர்ந்த ஒரு தமிழர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் அது. சிறுவன் ஸ்வாமியாக மாஸ்டர் மஞ்சுநாத் நடித்தான். தந்தையாக நடித்தவர் கிரீஷ் கர்னாட். அக்கதையின் பிற்பகுதி முழுவதும் ஒரு கிரிக்கெட் குழுவின் தோற்றத்தையும், ஆசையையும், தோல்வியையும் சொல்வது. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் பள்ளிச் சிறுவரின் விளையாட்டுக் குழுவைப் பற்றி வந்த நகைச்சுவைக் கதைகளுள் அதுவே தலைசிறந்தது என்று நான் கருதுகிறேன்.

கதையை அறியாத இளைஞர்களின் பொருட்டுச் சிறிது விரித்துச் சொல்கிறேன். போலீஸ் சூப்பரின்டெண்டின் மகனான ராஜம், பலசாலியும் படிப்பில் நாட்டமற்றவனுமான மணி, அவர்களுக்கிடையே ஸ்வாமி. இம்மூவரும் கூடி மால்குடி கிரிக்கெட் கிளப் என்று ஒரு சங்கத்தைப் பெயரளவில் தொடங்கிவிடுகிறார்கள். லண்டனில் கிரிக்கெட் உலகையே ஆண்டுகொண்டிருந்த பெரிய சங்கத்தின் முதலெழுத்துக்கள்தாம் இவர்களுக்கும் வாய்த்தன என்பதில் அவர்களுக்கு அளவற்ற பூரிப்பு. மட்டை இல்லை, பந்து இல்லை, மைதானம் இல்லை. ஆனால் பெயர் இருக்கிறது, கடிதம் எழுதத் தாள் இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் உள்ள பின்ஸ் கம்பெனிக்கு, விளையாட்டுச் சாமான்கள் அனுப்பும்படி பெரிய மனிதர்களின் தோரணையில் எழுதுகிறார்கள். முன்பணம் இவ்வளவு, மிச்சத்துக்கு வி.பி.பி. என்று வியாபாரிகளின் வழக்கப்படி பதில் வருகிறது. அந்த நடை அவர்களுக்கு விளங்கவில்லை; வேறு யாருக்கோ எழுதிய கடிதம் தவறித் தங்களிடம் வந்துவிட்டது என்று முடிவுகட்டி அதனை நேர்மையோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இங்கே நாம் நிறுத்திக் கவனிக்க வேண்டியது, அச்சிறுவர்களின் அறியாமைக்குள் அடங்கியிருக்கும் கௌரவம். அவர்கள் எவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பிறர் பொருளைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாகாது என்ற நல்லெண்ணத்தாலேயே அபத்தத்தில் சென்று விழுகிறார்கள். படிக்கிறவர் சிரிக்கிறார், சிரிக்கும்போதே அவர்கள்பால் மதிப்பும் கொள்கிறார். பேதைமையும் இளமையும் சேர்ந்து விளைக்கும் இந்த நகையில் எள்ளலின் சாயல் துளியும் படியவில்லை. சங்கர் நாக் இதனை உள்ளவாறே உணர்ந்துகொண்டதுதான் அவருடைய பெரிய பாக்கியம், நம்முடைய பாக்கியமுங்கூட. பிள்ளைகளைக் கோணங்கித்தனம் செய்யவிடாமல், அவர்கள் தம் காரியத்தை எவ்வளவு தீவிரமாக எண்ணியிருப்பார்களோ அவ்வளவு தீவிரத்தோடே நடிக்கவைத்தார்.

ஸ்வாமிக்குப் பந்து வீசுவதில் ஒரு திறமை இருக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் டேட்டின் பெயரையே நண்பர்கள் அவனுக்குச் சூட்டிவிடுகிறார்கள். யங் மென்ஸ் யூனியன் என்ற உள்ளூர்க் குழுவோடு பந்தயம் என்று நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் பயிற்சிக்கு வர அவனுக்கு நேரமில்லை. முன்னே படித்த ஆல்பர்ட் மிஷன் பள்ளியில், 1930 ஆகஸ்டில் நடந்த தேசிய ஆர்ப்பாட்டத்தின்போது கல்லெறிந்து சன்னல் கண்ணாடிகளை உடைத்துவிட்டு வெளியேறியவன் அவன். இப்போது சேர்ந்திருக்கும் போர்டு உயர்நிலைப் பள்ளியிலோ வகுப்பு முடிந்தபின்பு தினந்தோறும் டிரில். மாலை வெயில் தாழ்வதற்குள் மைதானம் சேரவேண்டிய ஒரு பிள்ளை, பள்ளி முற்றத்தில் வரிசையில் நின்று கையையும் காலையும் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறான்.

விளையாட்டைப் பற்றிய இந்நாவலில் விளையாட்டுக்குத் தடையாக வருவது உடற்பயிற்சியே என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அதிகாரிகள் பிள்ளைகளுக்கென வகுத்த தேகப்பயிற்சி ஒன்று. பிள்ளைகள் தமக்கென வகுத்துக்கொண்ட விளையாட்டு மற்றொன்று. முன்னது கட்டளையால் நடக்கிறது. பின்னது கூட்டு விருப்பத்தால் நடக்கிறது. குழுவின் தலைவனைத் தேர்ந்தெடுப்பது, யார் எந்த இடத்தில் நிற்பது என்று சண்டையிட்டுத் தீர்ப்பது, வராதவனைக் கண்டிப்பது, வந்தவனை மன்னிப்பது, சாமான் வாங்கக் காசு சேர்ப்பது ஆகிய இவையனைத்தும் அச்சிறுவர்கள் பெரியவர்களின் துணையின்றி நடத்தும் ஒரு சின்னஞ்சிறு ராஜ்யபாரம். நம் பள்ளிகளில் இன்றும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டல்லவா? பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் மைதானத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்ற விதியை எழுதாமலே நாம் நிலைநாட்டிவிட்டோம். பிள்ளைகள் அந்தச் சிறு ராஜ்யத்தை ஆண்டு பழகும் வாய்ப்பை இழக்கிறார்கள் என்பது நமக்கு ஒரு நஷ்டமாகவே படவில்லை. இதனை நான் மிகுந்த மனவருத்தத்தோடு சொல்கிறேன்.

கதையின் எஞ்சிய பாகத்தைச் சுருக்கிவிடுகிறேன். டிரிலினின்று விலக்குப் பெற ஸ்வாமி டாக்டர் கேசவனிடம் சென்று தனக்கு டெலிரியம் என்கிறான். அது ஏதோ ஒருவகை வயிற்றுவலி என்று அவனுடைய எண்ணம். தலைமையாசிரியரிடம் தாம் பேசுவதாக டாக்டர் சொன்ன வார்த்தையை நம்பி அவன் டிரிலுக்குப் போகாமல் இருந்துவிட, விஷயம் வெளியாகிறது, பிரம்பு ஓங்கப்படுகிறது. அவன் அந்தப் பிரம்பைப் பிடுங்கிச் சன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடிப்போகிறான். மெம்பிக் காட்டுச் சாலையில் இரவெல்லாம் அலைந்து அஞ்சிக் கிடந்தவனை ஒரு வண்டிக்காரன் கண்டெடுத்து, நாயர் என்ற வன அதிகாரியிடம் சேர்க்கிறான். அவன் வீடு திரும்பும்போது பந்தயம் முடிந்துவிட்டது; மால்குடி கிரிக்கெட் கிளப் தோற்றுவிட்டது. குழுவின் சிறந்த பந்துவீச்சாளன் இல்லாமல் தோற்றதை ராஜம் மன்னிக்கவில்லை. சிறிது காலத்தில் ராஜத்தின் தந்தைக்கு மாற்றல் உத்தரவு வர, அந்தச் சிநேகமும் ரயிலேறிப் போய்விடுகிறது.

இவ்வளவு நேரம் சிரித்தவர்களை ஆசிரியர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அச்சிறுவர்களுடைய பந்தயத்தை வெற்றியாக முடிக்க அவருக்கு எத்தனையோ வழிகள் இருந்தன. கடைசி ஓவரில் ஸ்வாமி ஓடிவந்து சேர்ந்திருக்கலாம். நம் திரைப்படங்களில் அதுதானே நியதி? நாராயண் அவ்வாறு செய்யாததற்குக் காரணம், பிள்ளைப் பருவத்துத் தோல்விகள் உண்மையானவை என்று அவர் கருதியதே. பெரியவர்களுக்கு அது ஓர் உள்ளூர்ப் பந்தயம். அச்சிறுவனுக்கோ அவனுடைய உலகத்தின் அஸ்திவாரமே இடிந்துபோன நாள். அந்தத் துக்கத்தை மதித்தவருக்கே அவனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை உண்டு.

தொடர் விரைவில் முடிந்துவிட்டதே என்ற ஏக்கம் அக்காலத்திலேயே பலருக்கு இருந்தது. விளம்பரதாரர்களின் ஆதரவோடு வந்த தொடர்களுக்குத் தூர்தர்ஷன் பெரும்பாலும் பதின்மூன்று வாரம் என்ற அளவை வைத்திருந்தது. நன்கு அமைந்தால் மேலும் சில வாரங்கள் கிடைக்கும். எழுதுகிறவர் தம் கதையின் முடிவை அறிந்துகொண்டே தொடங்க வேண்டியிருந்தது. பின்னர்த் தனியார் அலைவரிசைகள் வந்தன. 1993-ல் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னர், பத்தாண்டுகளுக்குள் தமிழ்த் தொடர்களின் இலக்கணமே மாறிப்போயிற்று. 2003-ல் தொடங்கிய ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளையும் கடந்து 2009 வரை ஓடியது. இத்தகைய நெடுந்தொடர்களை இலட்சக்கணக்கான குடும்பங்கள் விரும்பிப் பார்த்தன என்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் முடிவே தேவையில்லாத கதைக்குத் தோற்றவனும் பிரிந்து செல்கிறவனும் பயன்படமாட்டார்கள். பகையும் சூழ்ச்சியுமே நித்தம் நித்தம் வளர்ந்துகொண்டிருக்க வல்லவை. பள்ளிக் குழு என்பதோ இயல்பிலேயே குறுகிய ஆயுள் கொண்டது. ஜூன் மாதத்தில் கூடி, மாவட்டப் போட்டிக்குப் போய், தோற்றோ வென்றோ திரும்பி, ஏப்ரலில் கலைந்துவிடுவது. கும்பப்பூ அறுவடை முடிந்தபின் அடுத்த உழவு வரையில் பிள்ளைகளுக்கு மைதானமாகிவிடும் வயல்போல, அதற்கென்று வாய்த்த காலம் கொஞ்சமே. அதை நீட்டிப் பார்க்க விரும்புகிற தயாரிப்பாளர் அதன் ஜீவனைப் போக்கிவிடுகிறார்.

விஜய் தொலைக்காட்சியில் 2006-ல் தொடங்கிய ‘கனாக் காணும் காலங்கள்’ பள்ளி வாழ்க்கையைத் தமிழ்த் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்ததை இவ்விடத்தில் நன்றியோடு குறிப்பிட வேண்டும். வெள்ளித்திரையில் ‘சென்னை 600028’, ‘வெண்ணிலா கபடிக்குழு’ போன்றவை தெருவின் கிரிக்கெட்டுக்கும் கிராமத்துக் கபடிக்கும் இடமளித்தன. எனினும் பள்ளிச் சிறுவர்களின் குழு ஒன்றையே பொருளாகக் கொண்டு, பதின்மூன்று வாரத்தில் முடியும் ஒரு நகைச்சுவைத் தொடர் தமிழில் நிலைபெறவில்லை. அந்தக் குறையை நிறைக்கவல்ல மண் எது என்று என்னைக் கேட்டால், சற்றும் தயங்காமல் நாஞ்சில் நாடும் அதன் கடற்கரையும் என்பேன். பிறந்த மண்ணின் மீதுள்ள அபிமானத்தால் மட்டும் இதனைச் சொல்லவில்லை.

முதலாவது, நகையின் பாரம்பரியம். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், வறுமையால் நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இந்நகரத்து டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடும் சிறுவனாகவும் வேலை பார்த்தவர் என்று அவருடைய சரிதையை எழுதியோர் கூறுவர். ஆட்டத்தைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளை அவர். பின்னாளில் அவருடைய ஹாஸ்யம் எப்போதும் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கம் நின்றதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. அவருடைய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை எண்ணிப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவன் படிக்க ஆசைப்பட்டு, ஊரைவிட்டு ரயிலேறிப் போய், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அச்சிரிப்பில் அச்சிறுவன் மாத்திரம் அவமானப்படவில்லை. பள்ளிக்கூடத்தைப் பொருளாக வைத்து, எள்ளலைப் பிள்ளையின் மீது ஏவாமல் அவனைத் தடுத்த சமூகத்தின் மீது ஏவுவது எப்படி என்பதற்கு நம்மூர்க்காரர் போட்டுக்கொடுத்த பாடம் அது.

இரண்டாவது, விளையாட்டின் பாரம்பரியம். உள்நாட்டு ஊர்களில் சடுகுடுவும் கிளித்தட்டும் விளங்கியதுபோல, மேற்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை முதலிய கடற்கரை ஊர்களில் கால்பந்து ஊரோடு ஊராகக் கலந்துவிட்டது. சந்தோஷ் கோப்பைக்குச் செல்லும் தமிழ்நாட்டுக் குழுவில் அக்கரையோரத்துப் பெயர்கள் திரும்பத் திரும்ப இடம்பெற்றுவந்திருக்கின்றன. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2019–20 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீகை வென்ற ஏ.டி.கே. குழுவில் ஆடினார்; அவருடைய தமையன் மைக்கேல் ரெஜினும் தொழில்முறையில் ஆடியவரே. மணலில் வெறுங்காலோடு பந்தைத் துரத்திப் பழகியவர்களின் காலுக்குப் புல்தரை எளிதாகிவிடுகிறது என்று அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

அத்தகைய ஊர்ப் பள்ளி ஒன்றின் குழுவைக் கற்பனை செய்து பாருங்கள். அண்ணா விளையாட்டரங்கில் மாவட்டப் போட்டி. அதற்கு நாகர்கோவில் வரை பஸ்ஸில் வரவேண்டும். பூட்ஸ் ஆறு சோடிதான் இருக்கிறது, ஆட்டக்காரர்களோ பதினொருவர். பி.டி. மாஸ்டர் கிழக்கே தோவாளைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பிள்ளைகள் கடற்கரைத் தமிழில் விரைந்து பேசுவது அவருக்குப் பாதிதான் புரிகிறது, அவருடைய நாஞ்சில் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. ‘மக்கா’ என்று அவர் அழைத்தால் அது அன்பா கண்டிப்பா என்று முதல் வாரத்தில் எவனுக்கும் தெரியவில்லை. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே மலையோரமும் வயலோரமும் கடலோரமும் மூன்று விதமாகப் பேசுகிற இடத்தில் நகைச்சுவைக்குப் பஞ்சம் ஏது? ஆனால் அந்தப் பேச்சுவகைகளில் எதையும் இழிந்ததென்று காட்டாமல் எழுதவேண்டும். திரைப்படங்கள் நம் பேச்சை நெடுங்காலம் எள்ளலுக்கே பயன்படுத்தியிருக்கின்றன. அந்தப் பழக்கத்தை இத்தொடர் அறவே ஒழிக்க வேண்டும்.

இதில் ஒரு கனமான பொறுப்பும் உண்டு. அவ்வூர்களின் ஆடவர், கரை கண்ணுக்குத் தெரியாத ஆழ்கடலில் பல நாட்கள் தங்கிச் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அவர்களைக் கடலிலேயே பிடித்துக்கொண்டது. தந்தையை, தமையனை இழக்காத தெரு அங்கே அரிது. அங்கிருந்து வரும் ஒரு பள்ளிக் குழுவில், அந்த ஆண்டுக்குப்பின் பந்தைத் தொடாமலிருந்து, மெல்ல மெல்ல மீண்டும் கோல்கம்பத்தின் நடுவே வந்து நிற்கிற ஒரு பையன் கட்டாயம் இருப்பான். அவனை விலக்கிவிட்டு எழுதினால் கதை பொய்யாகிவிடும். அவனைக் காட்டிக் கண்ணீர் வருவித்து வியாபாரம் செய்தாலோ அது பாவமாகிவிடும். மற்றப் பிள்ளைகள் அவனுக்கும் சேர்த்து ஏச்சும் கேலியும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும். அவன் விட்ட கோலுக்கு அவனைத் திட்டவேண்டும். தங்களுள் ஒருவனாகவே அவனை அவர்கள் இன்றும் கருதுகிறார்கள் என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி இல்லை. எழுத்தாளருக்கு இது கடினமான காரியந்தான். எனினும் தோற்ற பிள்ளையின் துக்கத்தையும் அவனுடைய வேடிக்கையையும் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டிய நாராயணின் எழுத்து நம்முன் இருக்கிறது. 

இச்சபையில் அமர்ந்திருக்கும் அறக்கட்டளைப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்து அமர்கிறேன். ஆண்டுதோறும் இச்சொற்பொழிவுக்கென நீங்கள் செலவிடும் வட்டித்தொகையை ஓராண்டு மட்டும் வேறு வழியில் திருப்பலாம். தூத்தூர்க் கரையிலிருந்தோ பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்தோ எழுத ஆர்வமுள்ள ஓர் இளைஞரை, இளம்பெண்ணாயினும் மிக நன்று, தேர்ந்தெடுத்து, ஒரு பள்ளிக் குழுவோடு ஜூன் முதல் ஏப்ரல் வரை போய்வரச் செய்யுங்கள். பஸ் கட்டணமும் சாப்பாடும் ஒரு சிறு உதவித்தொகையும் கொடுத்தால் போதும். பதின்மூன்று வாரத்துக்குரிய பதின்மூன்று பகுதிகளை அவர் எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த சொற்பொழிவு நாளன்று இதே மேடையில் அவற்றுள் ஒரு பகுதியை அந்தப் பள்ளிப் பிள்ளைகளே நடித்துக் காட்டுவார்களாயின், எனக்கென நீங்கள் ஒதுக்கியிருக்கும் சன்மானத்தையும் அவர்களுடைய பூட்ஸ் செலவில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.